ஆவுடைத்தாயைச் சுற்றிய காற்று

ஆனி பிறந்ததும் மலைக்கணவாய் வழியாக இறங்கி, ஆடியிலும் ஆவணியிலும் ஆட்டம் போட்டுவிட்டு, புரட்டாசி பாதிக்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிற மேல்காற்று அந்த வருஷம் போகவில்லை. சுற்றிய பீடியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு, மறுவாரத்துக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு, வெயிலில் நடந்து வந்த ஆவுடைத்தாய் வெட்டாம்பொத்தை ஊர் முக்கில் கிடந்த கல்லில் "அப்பாடா" என்று உட்கார்ந்தபோது, எதிரே வந்த காற்று அவளை முட்டாமல் ஒதுங்கி, பக்கவாட்டில் வளைந்து, முதுகுப் பக்கமாகப் போய், மறுபடி முன்னால் வந்தது. அவள் எழுந்து நடந்தாள், காற்றும் அவளைச் சுற்றிக்கொண்டே நடந்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள், அது ஊர் முழுவதையும் வளைத்துக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. பிறகு மார்கழி வந்தது, பங்குனி வந்தது, அடுத்த ஆனியும் வந்தது, அது நிற்கவே இல்லை.

ஆளைத் தூக்கிப் போடுகிற காற்று இல்லை அது. ஆனால் தோளில் கிடக்கிற துண்டை விடாது, அடுப்பில் தீயை விடாது, வாசலில் போடுகிற கோலத்தைப் புள்ளி வைக்கும்போதே அள்ளிக்கொண்டு போய்விடும். கீழத்தெருவில் ஒருவர் திட்டினால் எதிரில் நிற்பவருக்குக் கேட்காது, மேலத்தெருவில் யாரோ கோபித்துக்கொள்வார்கள். நடுவில், ஆவுடைத்தாய் இருக்கிற இடத்தில் மட்டும், ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு இலை அசையாது.

ஊர் முதலில் பயந்தது. பேய்க்காற்று என்றால் செருப்பைக் காட்டி, எச்சில் துப்பி, உப்பை எறிந்தால் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செருப்பைக் காட்டினார்கள், துப்பினார்கள், எறிந்தார்கள். துப்பியது ஊரை ஒரு சுற்றுச் சுற்றித் துப்பியவர் முகத்துக்கே வந்து சேர்ந்தது, உப்பு வீடு வீடாகக் குழம்பில் விழுந்தது. கோடாங்கி ஒருவரை வரவழைத்தார்கள். அவர் உடுக்கையை அடித்துப் பார்த்துவிட்டு, "இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்று சொல்லி, தட்சிணைகூட வாங்காமல் போனார். கோடாங்கியே தட்சிணை வாங்காமல் போன பிறகு பயந்து என்ன பிரயோஜனம் என்று ஊர் பயப்படுவதை விட்டுவிட்டது.

பெரிய சிக்கல் பங்குனியில் அம்மன் சப்பரம் கிளம்பியபோதுதான் வந்தது. காற்று இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாமி வலமாகத்தான் வரவேண்டும், இடமாகச் சுற்றுவதெல்லாம் சுடுகாட்டில் மட்டும்தான். சப்பரத்தை வலமாகத் தூக்கினார்கள், தூக்கியவர்கள் அத்தனை பேரும் பின்னோக்கியே தள்ளாடி வந்து கோயில் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். மறுவருஷமும் அதே கதை நடந்தது. அதற்கும் மறுவருஷம் பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம், "அம்மையே இப்படித்தான் போவேன்னு நிக்கா, நாம யாரு மறிக்கதுக்கு" என்று தீர்ப்புச் சொல்ல, சப்பரம் காற்றோடு இடமாகக் கிளம்பி, யாருக்கும் தோள் நோகாமல், ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் ஊரைச் சுற்றி வந்து இறங்கியது. இவ்வளவு லேசான வேலையை இத்தனை தலைமுறையாகக் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறோமே என்று தூக்கியவர்கள் வருத்தப்பட்டார்கள்.

பிறகு ஊர் புத்தியோடு நடந்துகொள்ளத் தொடங்கியது. காற்று எதில் முட்டுகிறதோ அதைத்தான் உடைக்கிறது, முட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் பேசாமல் போய்விடுகிறது என்று கண்டுகொண்டார்கள். அதனால் சுற்றுச்சுவர்களை இடித்தார்கள், தகரக் கூரைகளைக் கழற்றினார்கள், முள்வேலிகளைப் பிடுங்கினார்கள், பனைகளைச் சாய்த்தார்கள், கோயில் வாசல் வேம்பைக்கூட ஒரு வெள்ளிக்கிழமை பூசை போட்டு மன்னிப்புக் கேட்டு வெட்டினார்கள். வீட்டு மூலைகளைச் சிமெண்டு பூசி உருட்டினார்கள். கடைசியில் வெட்டாம்பொத்தை, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு முன்பைவிடச் சந்தோஷமாகச் சுற்றியது. கொசு ஒழிந்தது, துணி உடனே காய்ந்தது, நெல்லைத் தூற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காற்று இல்லாத ஊர்களைப் பார்த்து, "எப்படித்தான் இருக்காவளோ" என்று பரிதாபப்படும் அளவுக்கு ஊர் தேறிவிட்டது.

காற்றோடு இப்படிச் சமாதானம் செய்துகொண்ட ஊருக்கு, தீயும் திரியும் நெற்றித் திருநீறும் வேண்டுமென்றால் ஆவுடைத்தாய் வேண்டியிருந்தது. அவள் தாலியறுத்து வருஷங்கள் ஆகியிருந்தன. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் அவள் பின்வாசல் வழியாகப் போய், வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகவே வந்துவிட வேண்டும். இப்போது அவள் இல்லாவிட்டால் ஓமத்தீ நிற்காது என்பதால், மணவறைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி போட்டார்கள். சாஸ்திரம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அதையும் காற்று கொண்டுபோயிருக்கும். காலையில் கோலம் போடுகிற வாசல்களில் வரிசையாகப் போய் நின்றாள். அப்புறம் டீக்கடை அடுப்புப் பற்றுகிற வரை அங்கே நின்றாள். பகலில் பீடி சுற்றுகிற பெண்கள் இலையும் தூளும் பரப்பிய சொளகு முறத்தோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், இல்லாவிட்டால் மடியில் வைத்த தூள் அடுத்த ஊருக்குப் போய்விடும். பேப்பர் படிக்கிறவர்கள், சவரம் செய்துகொள்கிறவர்கள், பரீட்சைக்கு எழுதிப் பார்க்கிற பிள்ளைகள், ரகசியம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் அவள் வீட்டில்தான். சாவு விழுந்தால் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக வேண்டும், அங்கிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரே காதுகுத்துக்கு வரவேண்டும். எங்கே அழ வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோய், எல்லா இடத்திலும் ஒரே முகத்தோடு நின்றாள்.

ஊர் அவளைக் கொடுமைப்படுத்தியது என்று சொல்ல முடியாது. மூன்று வேளையும் சோறு வந்தது, தீபாவளிக்குப் பட்டு வந்தது, தெருவில் போனால் எழுந்து நின்றார்கள். தூங்கினாயா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சத்தமில்லாத இடம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து தன் வீட்டில் படுத்திருக்கிற பாதி ஊரின் குறட்டையை அவள் காட்டியிருப்பாள்.

இதில் இன்னொரு கொடுமை யாருக்கும் தெரியாது. நாட்டிலேயே அதிகமாகக் காற்று அடிக்கிற ஊரில் ஆவுடைத்தாய்க்கு மட்டும் காற்று கிடையாது. மின்விசிறி சுற்றும், காற்று வராது. பனையோலை விசிறியால் விசிறினால் விசிறிய காற்று அவள் முகத்துக்கு வராமல் வெளியே ஓடிப்போய்ப் பெரிய காற்றோடு சேர்ந்துகொள்ளும். சூடான காப்பியை ஊதினால் ஊதிய மூச்சும் போய்விடும். கழுத்தில் வழிகிற வேர்வை ஒருநாளும் காய்ந்ததில்லை. சலித்துப்போய் அவள் விடுகிற பெருமூச்சைக்கூட அது விழுங்கி இன்னும் கொஞ்சம் தெம்பாகச் சுற்றியது.

இப்படியே வருஷங்கள் ஓடிய பிறகு ஒரு சித்திரையில் கோயம்புத்தூரிலிருந்து அவள் மகள் செண்பகவல்லி போன் செய்தாள். ஒரே மகள், எட்டு மாசக் கர்ப்பம். அங்கே மருமகனுக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீட்டில் குடித்தனம், அவனுக்குத் தாய் கிடையாது.

"எனக்குப் பிரஷர் ஏறிக்கெடக்கும்மா. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஊருக்கும் வரக் கூடாதாம்."

"நான் வாரேன்ட்டி."

"போன தடவ அஞ்சாம் மாசத்துல கலைஞ்சப்பவும் வாரேன் வாரேன்னுதான் சொன்ன. நான் ஆஸ்பத்திரில தனியாக் கெடந்தேன். நீ எவன் வீட்டுக் குத்துவெளக்குக்கோ காவலுக்கு நின்ன. இந்தத் தடவையும் வரலைன்னா, இனி வரவே வேண்டாம்மா. நெசமாத்தான் சொல்லுதேன்."

போன தடவை ஆவுடைத்தாய் கிளம்பாமல் இல்லை. கிளம்பிப் பஸ் ஏறினாள், காற்றும் ஏறாமலே கூட வந்தது. பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டில் பழக்கடைத் தார்ப்பாய்கள் பறந்தன, கட்சிப் பந்தல் ஒன்று சரிந்தது, கரண்டுக் கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. கண்டக்டர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "இறங்கிருங்கம்மா, எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்றார். பிள்ளை கலைந்து கிடக்கிறவளுடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இதையா கொண்டுபோவது என்று அவள் இறங்கி, அழுதுகொண்டே நடந்து திரும்பினாள். அவள் திரும்பி வந்ததும் ஊர் நிம்மதியாக விளக்கேற்றியது.

மகள் போன் செய்த அதே வாரத்தில், வேறு கிரகங்களில் காற்று எப்படி அடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிற ஜெபராணி என்ற பெண் ஒரு ஜீப்பில் கருவிகளோடு வந்தாள். நாகர்கோவில்காரி, பெங்களூரில் வேலை. ஜீப்பிலிருந்து இறங்கித் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஆவுடைத்தாய் வீட்டுக்குள் வந்தவள், அந்த அமைதியில் அப்படியே சுவரில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

"வியாழன்ல இப்படி ஒண்ணு இருக்குக்கா. செவப்பா இருக்கும். நம்ம பூமி முழுசா அதுக்குள்ள போயிரும், அவ்வளவு பெரிசு. மனுசன் பாக்க ஆரம்பிச்சே நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, நிக்காம சுத்திக்கிட்டு இருக்கு."

"அதுக்கு அலுக்காதா?"

"காத்துக்கு அலுக்கணும்னா அது எதுலயாச்சும் உரசணும். நம்ம ஊர்ல புயல் கரை ஏறுனா மரத்துல, வீட்டுல, மலையில உரசி உரசி சீக்கிரமே செத்துரும். வியாழன்ல அடியில தரையே கெடையாது. அதோட பக்கத்துல வாற சின்னச் சின்னச் சுழியெல்லாத்தையும் முழுங்கிக்கிடும். உரசலும் இல்ல, தீனியும் உண்டுன்னா அது ஏன்க்கா சாவப் போவுது?" ஜெபராணி வாசல் வழியே வழுவழுப்பான ஊரைப் பார்த்தாள். "நீங்களும் இங்க உரசுறதுக்கு ஒண்ணையும் மிச்சம் வைக்கல போலிருக்கே."

ஆவுடைத்தாய் கேட்டாள். "அங்க நடுவுல என்ன இருக்கும்?"

"நடுவுல பெரிசாக் காத்து இருக்காது. சும்மா கெடக்கும்."

"அந்த எடத்துல யாரும் இருக்காவளா?"

"இல்லக்கா, அங்க யாரு இருப்பா?"

"நல்லதாப் போச்சு" என்றாள் ஆவுடைத்தாய்.

ஜீப் போன பிறகு ஊர் இந்தப் பேச்சில் வியாழனை மட்டும் பிடித்துக்கொண்டது. வியாழன் என்றால் குரு பகவான். குருவே இறங்கி வந்து இந்த ஊரைப் பிரதட்சிணம் செய்கிறார் என்று ஆகிவிட்டது. வியாழக்கிழமைதோறும் ஊர் எல்லையில் மஞ்சள் துணி கட்டி, கொண்டைக்கடலை மாலை கோத்துக் காற்றில் விட்டார்கள். காற்று அதை மரியாதையாக வாங்கிக்கொண்டுபோய் ஊரின் மறுபக்கத்தில் காத்திருந்த பிள்ளைகளிடம் சேர்த்தது. குரு பிரசாதம் தருகிறார் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கிடைத்தது. மிச்சம் மீதி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று சுவர்களையும் குருவுக்கு இடைஞ்சல் என்று இடித்துவிட்டார்கள்.

ஆவுடைத்தாய் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். கூட்டமும் அவள் வீட்டில்தான் நடந்தது, வேறு எங்கே நடந்தாலும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காதே.

"செவுரு எழுப்புவோம், மரம் வைப்போம்" என்றாள். "உடையுறது உடையட்டும், மறுபடியும் வைப்போம். உரசி உரசி அது செத்துரும். நான் எம் மககிட்டப் போகணும்."

"குருவக் கொல்லச் சொல்லுதியளா மதினி?" என்றார் கோமதிநாயகம். நிஜமாகவே அதிர்ச்சியடைந்திருந்தார், பாவம். "மகளுக்கு ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்ணுவோம். ஊரே அவளுக்கு நேந்துக்கிடும். நீங்க இல்லாம நாங்க எப்படி?"

ஆவுடைத்தாய், சிறுவயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிய பிரமாச்சியைப் பார்த்தாள். பிரமாச்சி சொளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஒனக்கென்னட்டி, நீ நடுவுல இருக்க. ஒம்மேல ஒரு தூசி பட்டிருக்கா இத்தன வருசத்துல? நாங்கதான காத்துல கெடந்து சாவுதோம்."

ஆவுடைத்தாய்க்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இவர்களிடம் பேசி ஆகாது, பேசுகிற மூச்சையும் சேர்த்து அதுதான் தின்னும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அவள் மேற்கே நடந்தாள். பஸ் போகிற ரோட்டுப் பக்கம் போகவில்லை. ஊர் வழவழப்பாக இருந்தால் என்ன, மேற்கே மலை சொரசொரப்பாகத்தான் இருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டீக்கடை அடுப்பு பொசுக்கென்று அணைந்ததுமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. துண்டையும் சேலையையும் பிடித்துக்கொண்டு, காற்றில் மல்லுக்கட்டிக்கொண்டு, எல்லாரும் பின்னால் ஓடி வந்தார்கள்.

"மதினி, சாயங்காலம் நிச்சயதாம்பூலம் இருக்கு!" என்று கத்தினார் கோமதிநாயகம். "அது முடிஞ்சதும் போவலாம்!"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஓடையைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் நுழைந்தாள், காற்றும் அவளை விட முடியாமல் நுழைந்தது. இத்தனை வருஷமாக வழுக்கிப் பழகிய காற்றுக்கு முள் என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தது. ஆயிரம் முள்ளிலும் அது கிழிந்தது. பனங்கூட்டத்துக்குள் அவள் ஒவ்வொரு மரமாக ஒட்டி ஒட்டி நடக்க, காற்று ஒவ்வொரு மரத்திலும் மோதி, சருகோலைகளைப் படபடவென்று அடித்து, அலறியது. பாறைக்காட்டில் ஏறினாள். அங்கேதான் அது உடைந்தது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் பெரிய சுழி ஒன்று தங்கி, அந்தச் சுழி சின்னச் சின்னச் சுழிகளாகப் பிரிந்து, சின்னவை அதைவிடச் சின்னவற்றைப் பெற்று, அவை புல் நுனியைச் சுழற்றிக்கொண்டு நின்று, நின்ற இடத்திலேயே காணாமல் போயின. அது உரசிப் போன பாறைகளைத் தொட்டால் லேசாகச் சுட்டது. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, அவள் நிற்காமல் ஏறினாள்.

உச்சி வெயிலில், இனி ஓரடி வைக்க முடியாது என்று ஒரு சரிவில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்தது ஒரேயொரு சுழி, அவள் காலடியில் ஒரு காய்ந்த இலையைத் தூக்கிப் போட்டு, தூக்கிப் போட்டு, விளையாடத் தெம்பில்லாத குழந்தை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதன் மேல் இரக்கம் வந்தது. அதுவும் எத்தனை வருஷம்தான் சுற்றும்.

"போதும், நீயும் கொஞ்சம் கெட" என்றாள். இலை கீழே விழுந்து அசையாமல் கிடந்தது.

அப்போது, மலையிலிருந்து எல்லாருக்கும் வருகிற சாதாரணக் காற்று வந்து அவள் கழுத்தில் பட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கீழே ஊர் நின்றுகொண்டிருந்தது. முடி அடங்கி, துணி அடங்கி, எல்லாரும் திடீரென்று மெலிந்துபோன மாதிரி தெரிந்தார்கள். பேசினால் கேட்கும் என்பதாலேயே யாரும் பேசவில்லை. கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மகனோ மச்சானோ பீடி ஒன்றைப் பற்றவைத்துப் பார்க்க, தீக்குச்சி நடுவெளியில் அணையாமல் எரிந்தது. அதைப் பார்த்ததும் ஊருக்கு அவள் மேல் இருந்த மரியாதை, எழுந்து போகிற விருந்தாளி மாதிரி, மெல்ல எழுந்து போனது. அவள் இறங்கி வந்தபோது வழிவிட்டார்கள், கூட வரவில்லை. பிரமாச்சி மட்டும் பஸ் நிற்கிற இடம் வரை வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "போயிட்டு வா" என்றாள், அதைக் கோபமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் கோயம்புத்தூரில் செண்பகவல்லி கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அம்மா வந்தால் கேட்பதற்கென்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்விகள் அவளிடம் நிறைய இருந்தன. ஆவுடைத்தாய் உள்ளே வந்து, பையை வைத்து, மகளின் வீங்கிய கால்களைத் தடவிப் பார்த்து, "கசாயம் வைக்கணும், வெந்தயம் இருக்கா?" என்று கேட்டபடி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெந்தயம் எங்கே இருக்கிறது என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

அவள் மதியமும் எழவில்லை, சாயங்காலமும் எழவில்லை. மருமகன் வேலை முடிந்து வந்து, அத்தையைத் தாண்டிப் போய்த் தானே கஞ்சி வைத்தான். "எழுப்பவா?" என்று கேட்டான். "வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மட்டும் கட்டில் காலைப் பிடித்திருக்க, அவள் அம்மா இப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. கேட்க வைத்திருந்த கேள்விகளை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் இடுப்பில் முதல் வலி வந்தது. மருமகன் ஆட்டோவுக்கு ஓடினான். ஆட்டோ வரட்டும், அதுவரை அம்மா தூங்கட்டும் என்று செண்பகவல்லி போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முதல் வலியைச் சத்தமில்லாமல் தாண்டினாள். இரண்டாவது வலி அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தபோது அவளையும் மீறி, மூச்சோடு மூச்சாக, "யம்மா" என்று வந்தது. அவள் கூப்பிடவில்லை, வலியில் எல்லாரும் சொல்வதுதான், பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"இந்தா, வந்துட்டேன்ட்டி" என்று ஆவுடைத்தாய் எழுந்தாள்.